வேலையை விடுவதற்கு முன்: இங்கிலாந்தில் அம்மா அப்பாவைப் பார்க்கும் பிள்ளைகளுக்குச் சட்டம் என்ன தருகிறது?

அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து, ஆஸ்பத்திரியால் வீட்டுக்குக் கூட்டிவந்த மூன்றாம் கிழமை கவுன்சிலில் (உள்ளூராட்சி மன்றத்தில்) இருந்து ஒரு சோஷல் வேர்க்கர் வந்தார். அம்மா விடியவே எழும்பி, நல்ல சீலை உடுத்து, அப்பாவுக்குச் சவரம் செய்வித்து, தலை இழுத்துக் கதிரையில் இருத்திவிட்டார். வந்தவருக்குத் தேத்தண்ணியும் வடையும் கொடுத்தார். அவர் கேட்ட எல்லாக் கேள்விக்கும் அம்மாவிடம் ஒரே பதில்தான்: "ஒரு கரைச்சலும் இல்லை, நாங்களே பாத்துக்கொள்ளுவம்." அதை ஆங்கிலத்தில் சொன்னது நான். ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. தந்தையின் தேவைகளைக் குடும்பமே நிறைவேற்றுகிறது, ஆகவே கவுன்சில் செய்யவேண்டியது எதுவும் இல்லை என்று அதில் இருந்தது.

அதன் பிறகுதான் அக்கா தன் வேலையை விடப்போவதாகச் சொன்னார். இரண்டு தெரு தள்ளி இருக்கிறார், ஒரு கடையில் முழுநேர வேலை. நான் அம்மா அப்பாவோடு ஒரே வீட்டில் இருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் மேசையைச் சுற்றி இருந்து, என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். அன்றும் அதற்குப் பிந்திய மாதங்களிலும் படித்தறிந்ததை, இதே இடத்தில் நிற்கும் மற்றக் குடும்பங்களுக்காக எழுதுகிறேன். இது இங்கிலாந்துக்கு மட்டும் பொருந்தும். ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் சட்டம் வேறு.

முதலில் அடித்தளம். இலங்கையில் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைப் பார்ப்பது பிள்ளைகளின் கடமை என்கிறது. கைவிடப்பட்ட பெற்றோர் பராமரிப்புப் பணம் கேட்டு அதற்கென உள்ள சபைக்குப் போகலாம். இந்தியாவில் 2007ஆம் ஆண்டுச் சட்டமும் அப்படித்தான். இங்கிலாந்தில் வளர்ந்த பிள்ளைக்குச் சட்டப்படி அந்தக் கடமை இல்லை. பழைய ஏழைகள் சட்டத்தில் இருந்த அந்தப் பொறுப்பு 1948இல் தேசிய உதவிச் சட்டத்தோடு முடிந்துபோனது. இன்று நடைமுறையில் உள்ளது 2014ஆம் ஆண்டின் கெயர் அக்ட், அதாவது பராமரிப்புச் சட்டம். 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அது பராமரிக்கிறவரைப் பற்றி இரண்டு கேள்வி கேட்கச் சொல்கிறது: இவரால் முடியுமா? இவருக்கு விருப்பமா? இப்போது மட்டுமல்ல, இனியும் தொடர முடியுமா என்றும் கேட்கவேண்டும்.

எங்கள் வீடுகளில் யாரும் யாரிடமும் கேட்காத கேள்வி அது. அம்மாவின் "நாங்களே பாத்துக்கொள்ளுவம்" என்ற சொல் எங்களுக்கு மரியாதை, பாசம், மானம். கவுன்சிலின் கோப்பில் அது ஒரு சட்டப் பதில். முடியும், விருப்பம் என்று பதிவாகிவிட்டால், குடும்பம் நிறைவேற்றும் தேவையைக் கவுன்சில் நிறைவேற்ற வேண்டிய கடமை அந்த அளவுக்கு விழுந்துவிடுகிறது. கீழே வரும் எல்லா வழிகளையும் இதை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

அக்கா நினைத்த வழி வேலையை விட்டுவிட்டுக் கெயரர்ஸ் அலவன்ஸ், அதாவது பராமரிக்கிறவருக்கு அரசு தரும் உதவிப்பணம், எடுப்பது. 2025 ஏப்ரலில் தொடங்கிய ஆண்டுக்கு அது கிழமைக்கு 83.30 பவுண். அதைப் பெறக் கிழமைக்குக் குறைந்தது 35 மணித்தியாலம் பராமரிக்க வேண்டும். வகுத்துப் பார்த்தால் மணிக்கு 2.38 பவுண். அதே ஆண்டில் சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 12.21. (கீழே வரும் உதவிப்பணத் தொகைகளும் வருமான எல்லையும் அந்த ஆண்டுக்குரியவை.) அக்கா கடுதாசியில் இரண்டு எண்களையும் அருகருகே எழுதிவிட்டுக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த உதவிப்பணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. பெற்றோரைப் பார்ப்பதற்காக வேலையை விட்ட மேரி வெப்ஸ்டர் என்ற பெண் மதகுரு, 1960களில் தன்னைப் போன்ற மணமாகாத மகள்மாருக்காக ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். பராமரிக்கிறவர்களுக்கான இன்றைய கெயரர்ஸ் யூகே அமைப்பின் வேர் அதுதான். 1976இல் இந்த உதவிப்பணம் வேறு பெயரில் வந்தபோது மணமான பெண்களுக்குக் கிடையாது என்றிருந்தது. அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருக்கிறார்கள் என்ற எண்ணம். தாயைப் பார்ப்பதற்காக வேலையை விட்ட ஜாக்குலின் டிரேக் என்ற பெண் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 1986இல் அந்தத் தடையை உடைத்தார். பத்து வருடம் மணமான பெண்கள் ஒரு சதமும் இல்லாமல் செய்த வேலை அது என்பதை நினைக்க எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

இனி நிபந்தனைகள். பராமரிக்கப்படுகிறவர் அட்டென்டன்ஸ் அலவன்ஸ் (பராமரிப்புத் தேவைப்படும் முதியவருக்கு அரசு தரும் பணம்) போன்ற ஒன்றைப் பெற்றிருக்க வேண்டும். ஒருவருக்காக ஒரே ஒருவர்தான் கெயரர்ஸ் அலவன்ஸ் வாங்கலாம். அம்மாவும் அக்காவும் சேர்ந்து பார்த்தாலும் அம்மா அல்லது அக்கா, இருவரும் அல்ல. அம்மாவுக்கு அரச ஓய்வூதியம் வருவதால் கையில் காசாகக் கிடைக்காது. இரண்டும் ஒன்றை ஒன்று தள்ளும். ஆனாலும் விண்ணப்பிப்பதில் பயன் இருக்கிறது. தகுதி பதிவானால், குறைந்த வருமானமுள்ள ஓய்வூதியருக்குக் கிடைக்கும் பென்ஷன் கிரெடிட் கணக்கில் கிழமைக்கு 46.40 பவுண் கூட்டுவார்கள். பென்ஷன் கிரெடிட் கிடைக்காது என்று முன்பு மறுக்கப்பட்ட சிலருக்கு இதனால் கிடைக்கத் தொடங்கும்.

மிகப் பெரிய பொறி வருமான எல்லை. வரி போன்றவை கழித்துக் கிழமைக்கு 196 பவுணுக்கு மேல் உழைத்தால் முழுத் தொகையும் போய்விடும். படிப்படியாகக் குறைவதில்லை. குறைந்தபட்சச் சம்பளத்தில் 16 மணித்தியாலம் செய்தால் 195.36, எல்லைக்குள். கடையில் ஆள் இல்லை என்று ஒரு மணித்தியாலம் கூட நின்றால் 207.57. அந்த 12 பவுணுக்காக 83.30 போகும். தெரியாமல் இப்படி வாங்கியவர்களிடம் ஆயிரக்கணக்கான பவுணைத் திருப்பிக் கேட்டதும், சிலர் மேல் வழக்கே போட்டதும் நாடு முழுவதும் பெரிய கதையாகி, 2024இல் அரசு லிஸ் சேய்ஸ் என்பவரின் தலைமையில் சுயாதீன ஆய்வு ஒன்றை அமைத்தது. எனவே இந்த வழியில் போகிறவர்கள் ஒவ்வொரு சம்பளச் சீட்டையும் வைத்திருங்கள், மாற்றம் வந்த அன்றே அறிவியுங்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அப்பாவோ அம்மாவோ தனியாக வாழ்ந்து, பென்ஷன் கிரெடிட்டில் கடும் ஊனத்துக்கான கூடுதல் தொகை வாங்கிக்கொண்டிருந்தால், நீங்கள் கெயரர்ஸ் அலவன்ஸ் வாங்கத் தொடங்கியதும் அவர்களுடைய 82.90 பவுண் நின்றுவிடலாம். பிள்ளைக்கு வரும் காசும் பெற்றோருக்குப் போகும் காசும் ஏறத்தாழச் சமம். விண்ணப்பப் படிவத்தை நிரப்புவதற்கு முன் இதைப் பாருங்கள்.

அப்படியானால் இந்த வழி யாருக்குப் பொருந்தும்? ஏற்கெனவே வேலை இல்லாதவருக்கும், கிழமைக்கு 16 மணித்தியாலத்துக்குள் வேலை செய்கிறவருக்கும், யூனிவர்சல் கிரெடிட் என்ற, குறைந்த வருமானத்துக்கான அரச உதவியில் இருக்கிறவருக்கும். யூனிவர்சல் கிரெடிட்டில் பராமரிப்பவருக்கென மாதம் 201.68 பவுண் தனியாகச் சேரும். தேசியக் காப்புறுதிப் பதிவும் தொடரும், அதனால் பிற்காலத்து ஓய்வூதியத்தில் ஓட்டை விழாது. முழுநேர வேலையில் இருக்கும் அக்காவைப் போன்ற ஒருவர் இதற்காக வேலையை விடுவது நட்டம். வேலைத்தலம் கட்டும் ஓய்வூதியப் பங்கும் அதோடு போகிறது. ஐம்பது வயதில் விட்ட வேலை ஐம்பத்தைந்தில் திரும்பக் கிடைப்பதும் நிச்சயமில்லை.

இரண்டாவது வழி, வேலையை வைத்துக்கொண்டே நேரத்தை மாற்றுவது. 2024 ஏப்ரல் 6இல் இருந்து வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலேயே இரண்டு உரிமைகள் வருகின்றன. ஒன்று, ஆண்டுக்கு ஒரு கிழமை பராமரிப்பு விடுப்பு. அரை நாள் அரை நாளாகக்கூட எடுக்கலாம், சான்று காட்டத் தேவையில்லை, முதலாளி ஒத்திவைக்கலாமே தவிர மறுக்க முடியாது. ஆனால் சம்பளம் இல்லை. ஸ்பெஷலிஸ்டைப் பார்க்கக் கூட்டிப்போவதற்கு உதவும், ஒரு வருடப் பராமரிப்புக்கு உதவாது. மற்றது, வேலை நேரத்தை மாற்றித் தரும்படி கேட்கும் உரிமை. ஆண்டுக்கு இரண்டு முறை எழுத்தில் கேட்கலாம். இரண்டு மாதத்துக்குள் பதில் தரவேண்டும். மறுப்பதென்றால் சட்டம் பட்டியலிட்டுள்ள எட்டு வணிகக் காரணங்களில் ஒன்றைச் சொல்லவேண்டும். இது கேட்கும் உரிமைதான், பெறும் உரிமை அல்ல. என்றாலும் ஐந்து நாள் வேலையை நான்காக்குவது, வேலையை விடுவதைவிட எப்போதும் மேல். திடீரென்று அப்பா விழுந்துவிட்டார் என்றால் உடனே போவதற்கான அவசர விடுப்பு 1996ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. தகப்பனின் ஊனத்தைக் காரணம் காட்டி உங்களை வேலையில் வேறுபடுத்தினால் அதுவும் சட்டவிரோதம்.

மூன்றாவது வழிதான் எங்கள் ஆட்கள் மிகக் குறைவாகப் பயன்படுத்துவது: கவுன்சிலிடம் இரண்டு மதிப்பீடு கேட்பது. ஒன்று அப்பாவுக்கு, மற்றது பராமரிக்கிறவருக்கு. கெயரர்ஸ் அலவன்ஸ் போல் ஒருவருக்கு மட்டும் என்ற கட்டுப்பாடு இங்கே இல்லை. அம்மாவும் அக்காவும் நானும் தனித்தனியாகக் கேட்கலாம். முன்பு 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில், தொடர்ந்து பெருமளவு பராமரிப்புச் செய்கிறவருக்கு மட்டுமே இந்த உரிமை இருந்தது. இப்போது உதவி தேவைப்படலாம் என்று தோன்றினாலே கவுன்சில் செய்தாக வேண்டும். வங்கியில் எவ்வளவு காசு இருக்கிறது என்பது மதிப்பீட்டுக்குத் தடை அல்ல. "உங்களுக்குச் சேமிப்பு இருக்கிறது, நாங்கள் வரமாட்டோம்" என்று சொன்னால் அது பிழை.

அப்பாவின் மதிப்பீட்டில், குடும்பம் செய்வதைக் கணக்கில் எடுக்காமல்தான் தேவையைப் பார்க்க வேண்டும். அவரால் தானாகக் குளிக்க முடியுமா என்பதே கேள்வி. மனைவி குளிப்பாட்டுகிறார் என்பது பதில் ஆகாது. தேவை உறுதியான பிறகே குடும்பம் விரும்பிச் செய்யும் பகுதியைக் கழிக்கலாம். எங்கள் முதல் கடிதத்தில் இந்த இரண்டு படியும் ஒன்றாகக் குழம்பிக் கிடந்தன. பராமரிப்பவரின் மதிப்பீட்டில், உங்கள் உடல்நலமோ மனநலமோ கெடும் ஆபத்து உண்டா, வேலைக்குப் போக முடிகிறதா, பிள்ளைகளைக் கவனிக்க முடிகிறதா, உறவுகளைப் பேண முடிகிறதா, பொழுதுபோக்குக்கு நேரம் உண்டா என்று பார்க்கிறார்கள். ஏதாவது ஒன்று நடக்காமல் போய், அது உங்கள் வாழ்வைக் கணிசமாகப் பாதித்தால், கவுன்சில் உதவவேண்டியது கடமை. முன்பு அது கவுன்சிலின் விருப்பமாக மட்டும் இருந்தது. காகிதத்தில் இது பெரிய முன்னேற்றம், அதை மனதார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மதிப்பீட்டை எத்தனை நாளில் முடிக்கவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. நியாயமான காலத்துக்குள் என்பதோடு விட்டுவிட்டார்கள். களைத்துப்போன மனிதருக்கு மிகத் தேவையான இடத்தில் சட்டம் கை விரிக்கிறது.

தேவை உண்டு என்று முடிவானால் அடுத்த தெரிவு வரும். கவுன்சிலே ஒரு நிறுவனம் மூலம் ஆள் அனுப்பலாம், அல்லது அந்தக் காசை உங்களிடம் டைரக்ட் பேமென்டாகத் தரலாம்.

நிறுவனம் என்றால் உங்களுக்குக் கணக்கு வழக்கு இல்லை. ஒருவருக்குச் சுகமில்லை என்றால் இன்னொருவரை அனுப்புவார்கள். ஆனால் காலை எட்டு மணிக்கு வரவேண்டியவர் பத்தரைக்கு வரலாம், ஒவ்வொரு கிழமையும் முகம் மாறலாம். பேச்சு குழறிப்போன, இருக்கும் கொஞ்சச் சொல்லும் தமிழாகவே வரும் ஒரு மனிதருக்கு முகம் மாறுவது சின்ன விஷயமல்ல. அப்பா முன்பின் தெரியாத ஒருவரைத் தன்னைக் குளிப்பாட்ட விடமாட்டார்.

டைரக்ட் பேமென்ட் எடுத்தால் நீங்களே ஆளைத் தெரியலாம். தமிழ் பேசும் ஒருவரை, புட்டும் இடியப்பமும் மசித்து ஊட்டத் தெரிந்த ஒருவரை வைக்கலாம். அதோடு, பலர் அறியாத ஒன்று: வேறு வீட்டில் வசிக்கும் நெருங்கிய உறவினரையே அந்தக் காசில் சம்பளத்துக்கு வைக்க முடியும். இரண்டு தெரு தள்ளி இருக்கும் அக்காவை வைக்கலாம். ஒரே வீட்டில் இருக்கும் என்னையோ, மனைவியான அம்மாவையோ வைக்க முடியாது. அவசியம் என்று கவுன்சில் கருதினால் மட்டும் விதிவிலக்கு. கூட்டுக் குடும்பமாக வாழ்கிறவர்களை இந்த விதி தண்டிக்கிறது. பெற்றோரோடு ஒரே கூரையின் கீழ் இருக்கும் பிள்ளை கூடுதலாகச் செய்கிறான், அவனுக்குத்தான் கதவு பூட்டியிருக்கிறது.

கஷ்டமும் உண்டு. நீங்கள் முதலாளி ஆகிறீர்கள். காப்புறுதி எடுக்கவேண்டும், விடுமுறைச் சம்பளம் கொடுக்கவேண்டும், சம்பளப் பதிவு வைக்கவேண்டும். கவுன்சிலோடு ஒப்பந்தம் உள்ள உதவி அமைப்புகள் இதைச் செய்துதருவது வழக்கம், அந்தச் செலவையும் தொகைக்குள் சேர்க்கக் கேளுங்கள். வைத்திருந்த ஆள் ஊருக்குப் போனால் மாற்று யார் என்பதையும் முதலே எழுதிவையுங்கள்.

கட்டணத்தையும் சொல்லவேண்டும். வீட்டிலேயே பராமரிப்புப் பெறும்போது வீட்டின் பெறுமதி கணக்கில் வராது. அப்பாவின் சேமிப்பு 23,250 பவுணுக்கு மேல் என்றால் முழுச் செலவும் அவருடையது, 14,250க்குக் கீழ் என்றால் சேமிப்பைத் தொடமாட்டார்கள். இந்த இரண்டு எண்ணும் 2010க்குப் பிறகு ஏறவேயில்லை. வருமானத்தைப் பார்க்கும்போது அட்டென்டன்ஸ் அலவன்ஸையும் எண்ணுவார்கள். ஆனால் ஊனத்தால் வரும் செலவைக் கழிக்கவேண்டும்: கூடுதல் ஹீட்டிங், தினமும் ஓடும் வாஷிங் மெஷின், சிறுநீர் உறிஞ்சும் பாட்கள், கிரீம்கள். பற்றுச்சீட்டு சேர்த்துவையுங்கள். அம்மாவுக்கு ஓய்வு தருவதற்காக அப்பாவைப் பார்க்க ஆள் வந்தால், சட்டப்படி அது அப்பாவுக்கான சேவை. அம்மாவிடம் அதற்குக் காசு கேட்க முடியாது.

நான்காவது வழி கெயர் ஹோம், அதாவது பராமரிப்பு இல்லம். அதைப் பற்றிப் பேசுவதே பாவம் என்று நினைக்கும் வீடுகளில் ஒன்றுதான் எங்களுடையது. ஆனால் இரவில் நான்கு முறை எழும்பும் எழுபது வயதுத் தாய் விழுந்துவிட்டால் இரண்டு நோயாளிகள். அந்த நிலை வந்த குடும்பத்தை நான் குறை சொல்லமாட்டேன். அம்மா எங்கள் வீட்டிலேயே இருக்கும்வரை கட்டணக் கணக்கில் வீட்டை எண்ணமாட்டார்கள். 60 வயதான உறவினரோ ஊனமுற்ற உறவினரோ அங்கே வசித்தாலும் அப்படித்தான். ஐம்பது வயது மகன் மட்டும் இருந்தால் அந்தப் பாதுகாப்பு தானாக வராது. வீட்டை அவசரமாகப் பிள்ளையின் பெயருக்கு மாற்றினால், கட்டணத்தைத் தவிர்க்கச் செய்ததாகக் கவுன்சில் கருதி, இன்னும் அப்பாவுடையதாகவே கணக்கிடலாம். ஒருவர் வாழ்நாளில் கட்டவேண்டிய தொகைக்கு 86,000 பவுண் உச்சவரம்பு வரப்போகிறது என்று முன்பு சொன்னார்கள், 2024 ஜூலையில் அது கைவிடப்பட்டது. அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். நோயின் கடுமை மிக அதிகம் என்றால் முழுச் செலவையும் அரச சுகாதார சேவையான என்எச்எஸ் ஏற்கும் திட்டம் ஒன்று உண்டு, அதற்கான முதற்சோதனையைக் கேளுங்கள்.

விசாவில் பெற்றோரை அழைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கெயரர்ஸ் அலவன்ஸும் அட்டென்டன்ஸ் அலவன்ஸும் பொதுநிதி என்ற வகைக்குள் வரும்; பல விசாக்களில் அதை வாங்கத் தடை உண்டு. அந்தத் தடை உள்ளவர் விண்ணப்பித்தால் விசாவுக்கே ஆபத்து. குடிவரவுச் சட்டம் தெரிந்த ஒருவரைக் கேட்காமல் படிவத்தில் கையெழுத்து வைக்காதீர்கள்.

என் தீர்ப்பு இது. முழுநேர வேலையில் இருக்கும் பிள்ளை முதலில் வேலையை விடக்கூடாது. முதலில் அட்டென்டன்ஸ் அலவன்ஸ் கேளுங்கள். அதற்குச் சேமிப்பு எல்லை இல்லை, 2025 ஏப்ரலில் தொடங்கிய ஆண்டில் அது கிழமைக்கு 73.90 அல்லது 110.40 பவுணாக இருந்தது. போனில் படிவம் கேட்டு ஆறு கிழமைக்குள் அனுப்பினால் போன் எடுத்த நாளில் இருந்தே கணக்கு. தேவை ஆறு மாதமாக இருந்திருக்க வேண்டும் என்ற விதி உள்ளதால் நாளைக் குறித்துவையுங்கள். அடுத்து இரண்டு மதிப்பீடும் எழுத்தில் கேளுங்கள். அதே கிழமை வேலைத்தலத்தில் நேரமாற்றம் கேளுங்கள். உறவினர் வேறு வீட்டில் இருந்தால் டைரக்ட் பேமென்ட், எல்லாரும் ஒரே வீட்டில் இருந்து கணக்கு வைக்க ஆளும் இல்லை என்றால் நிறுவனம். கெயரர்ஸ் அலவன்ஸ் இவற்றுக்குப் பிறகு, வேலை ஏற்கெனவே இல்லாதவரின் பெயரில்.

நாங்கள் திரும்பவும் எழுதினோம். மதிப்பீட்டைத் திரும்பச் செய்யும்படி வேண்டினோம். இந்த முறை மொழிபெயர்ப்பாளரை அனுப்பும்படி கேட்டோம். பிள்ளை மொழிபெயர்க்கும்போது எந்தத் தாயும் தன் களைப்பைச் சொல்லமாட்டாள். அம்மாவிடம் வேறு அறையில் தனியாகப் பேசினார்கள். முக்கால் மணித்தியாலம். வெளியே வந்தவரின் கண் சிவந்திருந்தது. "இரவிலை தூக்க ஏலாது எண்டு சொல்லிப்போட்டன்" என்றார், ஏதோ பிழை செய்துவிட்டவர் போல.

இப்போது காலையில் கிழமைக்கு நான்கு நாள் ஒரு தமிழர் வந்து அப்பாவைக் குளிப்பாட்டுகிறார். அக்கா நான்கு நாள் வேலை, இரண்டு பின்னேரம் டைரக்ட் பேமென்டில் அப்பாவோடு. அடுத்த மீளாய்வுக்காக அம்மாவே சொல்லச் சொல்ல நான் எழுதிய தாள் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. குளிப்பாட்டுவது: ஏலாது. இரவு எழும்புவது: இரண்டு முறைக்கு மேல் ஏலாது. படியால் இறக்குவது: ஏலாது. சாப்பாடு ஊட்டுவது: நானே, விருப்பம்.